இது என் நிறம் இல்லையே

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் ஸ்டூடியோவுக்குப் போன மாதம் ஒரு நைஜீரியப் பெண் விசா போட்டோ எடுக்க வந்தாள். இங்கே நர்சிங் படிக்கிறாள். எடுத்த படத்தில் பழக்கதோஷமாக முகத்தை ரெண்டு சுற்று வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டேன். இருபது வருஷமாக எல்லோருக்கும் செய்வதுதான். யாரையும் கேட்டதில்லை. பிரிண்ட்டைப் பார்த்தவள், "இது என் நிறம் இல்லையே அங்கிள்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. என் அம்மாவின் கல்யாண ஆல்பத்திலும் பவுடர் அப்பிய வேறு யாரோதான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தத் தொழிலிலேயே அந்தக் கோணல் இருந்திருக்கிறது. ஃபிலிம் காலத்தில் கோடக் கம்பெனி பிரிண்ட் போடும் லேப்களுக்கு 'ஷர்லி கார்டு' என்று ஒன்று அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. நம் தோல் எப்படி வருகிறது என்று பார்க்க வெகுகாலம் ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விசாவுக்கு இல்லாமல் தனியாக ஒரு படம் எடுக்க அவளைத் திரும்ப வரச் சொன்னேன். வெள்ளைத் திரையை எடுத்துவிட்டேன். அது இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். கன்னத்தில் லைட் மீட்டர் வைத்து வெளிச்சத்தை அளந்தேன். வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் விளக்கு பக்கவாட்டில், எதிரே ஒரு தெர்மாகோல் அட்டை. பவுடர் வேண்டாம் என்றேன். கறுப்புத் தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவதே அந்தப் பளபளப்புதான்.

"சிரிக்கணுமா?" என்றாள். பிரெடரிக் டக்ளஸ் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி, அடிமை முறைக்கு எதிராகப் போராடியவர். அவருடைய போட்டோக்கள் மட்டும் சுமார் 160 கிடைத்திருக்கின்றன. கறுப்பர் என்றாலே பல்லைக் காட்டும் கோமாளியாக வரைந்த காலத்தில், பெரும்பாலும் சிரிக்காமல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தவர்.

அவளும் சிரிக்கவில்லை. கம்மனஹள்ளியில் வாடகைக்குக் கேட்ட நாலு வீட்டில் போனில் சரி என்று சொல்லி, நேரில் பார்த்ததும் இல்லை என்றார்களாம். அதைச் சொல்லும்போது கழுத்து நிமிர்ந்தது. அப்போதுதான் அமுக்கினேன்.

அப்புறம் இன்னும் ஐந்து பேரை எடுத்தேன். அதில் ஒருவர், 2012 ஆகஸ்டில், வடகிழக்குக்காரர்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்திக்குப் பயந்து ரயிலேறி ஊருக்குப் போய்த் திரும்பி வந்த மணிப்பூர் தம்பி. படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதை அவரவரே சொன்னார்கள். ஒருவரும் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அவள் சொன்னது: 'நைட் டியூட்டி முடித்து வருகிறேன்.'

அவள் படம் இப்போது வாசல் கண்ணாடியில் இருக்கிறது. "கல்யாண ஜோடியை எடுத்துட்டு இதையா மாட்டினீங்க?" என்றார் பழைய வாடிக்கையாளர் ஒருவர்.

"ஆமா சார். நான் எடுத்ததிலேயே நல்ல படம் இது" என்றேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு கீழே எழுதியிருந்ததைப் படித்தார்.