11 ஆண்டுகள் கழித்து எங்கள் ஊரில் பாரதக் கூத்து

செய்யாறு வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஊரின் திரௌபதி அம்மன் கோயிலில் மகாபாரதக் கதையைச் சொல்லியும் ஆடியும் நடத்தும் பாரத விழா நின்றுபோய் 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை எங்களுக்குத் தொலைவில் இல்லை. பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பத்து நாள் விழா நடக்காமல் ஒரு கோடை கழியும் என்று என் சிறுவயதில் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அது நின்றதற்குப் பகை எதுவும் காரணமில்லை. ஒரு வருடம் மழை பொய்த்தது. மறு வருடம் கோயில் திருப்பணி. அதற்கடுத்த வருடம் ஒரே இரவு பாட்டுக் கச்சேரி வைத்துத் தீமிதியோடு விழாவை முடித்துக்கொண்டோம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கூத்தைத் திரும்பக் கொண்டுவர எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இதே முயற்சியில் இறங்க நினைக்கும் பிற ஊர்க்காரர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

இதைப் பணப் பிரச்சினை என்று எண்ணியதுதான் நாங்கள் முதலில் செய்த தவறு. நானும் உடன் பணிபுரியும் இரண்டு ஆசிரியர்களும் கைப்பணம் போட்டு, பக்கத்து ஊர்க் குழுவை அழைத்து ஓர் இரவு ‘கர்ண மோட்சம்’ வைத்தோம். தொடங்கும்போது திடல் நிறைந்திருந்தது. கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் செய்யும் இடம் வந்தபோது நாற்பது பேர்கூட இல்லை. இருந்த பிள்ளைகளும் கோமாளியான கட்டியக்காரன் பேசும்போது சிரித்தார்களே தவிர, விருத்தப் பாட்டில் என்ன சொல்லப்படுகிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. விடியற்காலையில் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கூத்து வாத்தியார் என்னிடம், “ஆடறதுக்கு நாங்க இருக்கோம் சார். கேக்கறதுக்குத்தான் ஆளில்ல” என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வேலையின் வரிசையையே மாற்றினோம்.

முதல் ஆண்டு முழுவதும் கூத்து வைக்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் பாரதக் கதை சொல்ல ஏற்பாடு செய்தோம். பிரசங்கியார் ஒருவர் மாதம் இருமுறை வந்தார். மற்ற வாரங்களில் ஊர்ப் பெரியவர்களே சொன்னார்கள். எதிர்பாராத செல்வம் அங்கேதான் கிடைத்தது. களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்த காலத்தில் கேட்ட, சூதாட்டத்தையும் துகிலுரிதலையும் சொல்லும் ‘பகடை துகில்’ கூத்துப் பாட்டுகளை எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி வரி பிசகாமல் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் எந்த வாத்தியாரிடமும் கற்றவர் அல்லர். வருடந்தோறும் கேட்டதனால் பதிந்தவை. பத்து நாள் விழா நின்றபோது நாங்கள் இழந்தது இந்தக் கேள்விஞானத்தைத்தான் என்பதை அன்று உணர்ந்தேன்.

அதன் பிறகு பிள்ளைகளுக்கான வகுப்பு. வாத்தியார் வாரம் இரண்டு நாள் பேருந்தில் வந்து போனார். போக்குவரத்துச் செலவோடு அவருக்கு ஓர் ஊதியமும் தவறாமல் கொடுத்தோம். கலைச்சேவை என்று சொல்லிக் கலைஞரிடம் இலவசமாக உழைப்பை வாங்கும் வழக்கத்தை நான் அறவே ஏற்பதில்லை. பதினாறு பிள்ளைகள் சேர்ந்து, ஏழு பேர் நிலைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மரக்கட்டை அணிகலன்கள் பூண்டு ஆடும் ஆண்பாத்திரமான கட்டை வேடம்தான் கட்டுவேன் என்று வந்து நின்றபோது, பெண்வேடத்தையும் ஆண்களே கட்டுவதுதானே மரபு என்று சிலர் தயங்கினார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இருந்த கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பயின்று மேடையேறியதை வாத்தியாரே எடுத்துச் சொன்னதால் பேச்சு அத்தோடு முடிந்தது.

கற்பிக்கத் தொடங்கியபோது வாத்தியாரின் குறிப்பேடுகளைப் பார்த்தோம். பெரும்பாலான பாட்டுகளுக்கு முதலடி மட்டுமே இருந்தது. மீதி அவர் நினைவில். இரண்டு ஏடுகள் கரையான் அரித்துப் பாதியாகியிருந்தன. ஆகவே மாணவர்கள் கைப்பேசியில் அவர் பாடியதைப் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதி, அவரிடமே படித்துக் காட்டித் திருத்தம் பெற்றார்கள். ‘அர்ச்சுனன் தபசு’ ஒன்றை மட்டும் எழுதி முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அதே பாட்டை அவர் அடுத்த முறை வேறு சொற்களில் பாடியதால் பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். எது சரி என்று கேட்டதற்கு இரண்டும் சரிதான் என்றார். ஆகவே இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம்.

இனி வரி. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வசூலித்துத்தான் எங்கள் ஊரில் பாரதம் நடந்து வந்தது. காலனித் தெருவில் வரி வாங்கும் வழக்கம் இல்லை. அவர்கள் பறையடிக்க வேண்டும், துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளத்துக்கு மண் சுமக்க வேண்டும். ஆனால் விழாக் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் கிடையாது. பழையபடியே நடத்தலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மரபைக் காப்பது என்ற பெயரில் இதையும் சேர்த்துக் காப்பதற்கு நான் உடன்படவில்லை. என்னைவிட உறுதியாக இளைஞர்கள் உடன்படவில்லை. மூன்று கூட்டங்கள் கசப்போடு கலைந்தன. நான்காவது கூட்டத்தில் எல்லாத் தெருவும் ஒரே வரி, விழாக் குழுவில் எல்லாத் தெருவுக்கும் இடம், பறைக்குழுவுக்கும் கூத்துக்குழுவைப் போலவே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பும் பேசிய தொகையும் என்று முடிவாயிற்று. இரண்டு குடும்பங்கள் அந்த ஆண்டு வரி கொடுக்கவில்லை. இந்த முடிவு இல்லாமல் விழா நடந்திருந்தால் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வந்திருக்காது.

காவல்துறை அனுமதிதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக்காலங்களுக்கு மாநில அரசு தளர்வு அளித்தாலும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான். கூத்தோ விடிய விடிய நடப்பது. முடிவில், இரவு 8 மணிக்கே களரி கட்டிக் கூத்தைத் தொடங்குவதாகவும், 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்துவிடுவதாகவும், வீடுகளை விட்டு விலகிய ஏரிக்கரைத் திடலில் ஆடுவதாகவும் எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றோம்.

ஒலிபெருக்கி இல்லாமல் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று அஞ்சினோம். நடந்தது வேறு. முதல் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நின்றதும், பின்னால் இருந்தவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். மூன்று பக்கமும் கூட்டம் நெருங்கி அமர, உச்சக் குரலில் எடுத்த பாட்டும் அதற்குப் பின்பாட்டும் தெளிவாகக் கேட்டன. அதுவரை ஹார்மோனிய இரைச்சலில் அமுங்கிக் கிடந்த, சிறு நாதசுரம் போன்ற முகவீணையின் ஒலி தனியாக எழுந்தது. கூத்துக்காரர்கள் ஏன் அவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடுகிறார்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். விடை அந்தத் திடலில் இருந்தது. இப்போது அனுமதி கிடைத்தாலும் 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வேண்டாம் என்றே ஊர் சொல்கிறது.

குழுவினரை நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யும் வேலையையும் இடையில் பார்த்தோம். 2007இல் அமைந்த இந்த வாரியத்தைப் பற்றி அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. கல்லூரிப் பிள்ளைகள் இருவர் உடன் சென்று சரிசெய்து கொடுத்தார்கள். முகவீணைக்காரருக்கு 66 வயது. வாரியப் பதிவுக்கான வயதைக் கடந்துவிட்டார். நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழங்கும் உதவித்தொகைக்கு அவர் சார்பில் விண்ணப்பித்திருக்கிறோம்.

பத்தாம் நாள் காலை படுகளம். களிமண்ணால் ஆன துரியோதனன் திடலில் நீண்டு கிடக்க, ‘பதினெட்டாம் போர்’ கூத்து முடிந்து வீமன் அவன் தொடையில் அடித்தபோது, சனிக்கிழமைக் கதையில் வளர்ந்த பிள்ளைகள் அடுத்து என்ன நடக்கும் என்று பக்கத்திலிருந்த பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரௌபதி கூந்தலை முடித்தாள். துகில் பாட்டு பாடிய பாட்டி முதல் வரிசையில் அமர்ந்து வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டு அந்த மாணவிக்கு அபிமன்யு வேடம். அவளுக்கான தோளணியான புஜக்கீர்த்தியையும் கிரீடத்தையும் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்யக் கொடுத்திருக்கிறோம். முகவீணை கற்கத்தான் இன்னும் யாரும் வரவில்லை. விடுமுறைக்கு முன் பள்ளிக்கு ஒருநாள் வந்து வாசித்துக் காட்டும்படி முகவீணைக்காரரைக் கேட்டிருக்கிறேன்; வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.