தகராறில் நிற்கும் வக்கீல் ஃபீஸும் அதன்மேல் ஏறும் வட்டியும்

கலிஃபோர்னியாவில் வக்கீல் ஃபீஸ் தகராறு பெரும்பாலும் வேலை பார்த்த மணிநேரக் கணக்கில்தான் தொடங்கும். "ஆவணம் படித்தது, கடிதம், தொலைபேசி: 6.2 மணி" என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டால் கட்சிக்காரர் கேள்வி கேட்கத்தான் செய்வார். ஆனால் அவரைக் கொதிக்க வைப்பது அடுத்த மாத பில்லின் அடியில் வரும் வட்டித் தொகை. அவர் ஆட்சேபித்த தொகையையும் சேர்த்து, மொத்த நிலுவைக்கும் மென்பொருள் தானாகவே வட்டி போட்டிருக்கும்.

ஆட்சேபக் கடிதம் வந்த அன்றே கட்டண ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். செலவு 1,000 டாலரைத் தாண்டும் என்று தெரிந்தால் பொதுவாக எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அது இல்லையென்றால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு. பிறகு வக்கீலுக்குக் கிடைப்பது நியாயமான கட்டணம் மட்டும். ஒப்பந்தம் போனால் அதிலிருந்த வட்டி விகிதத்தையும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. பில்லின் அடியில் "மாதம் 1.5%" என்று அச்சடித்து அனுப்பினால் அது ஒப்பந்தமாகிவிடாது. ஒப்பந்தம் செல்லும், விகிதம் மட்டும் அதில் இல்லை என்றால், ஒப்பந்த மீறலுக்குப் பிறகு சட்டம் தரும் விகிதம் ஆண்டுக்கு 10%.

அடுத்து, கணக்கைப் பிரிக்க வேண்டும். 12,000 டாலர் பில்லில் 4,500 தகராறு என்றால், மீதி 7,500 தனி வரியில் நிற்கட்டும். தகராறுத் தொகைக்குத் தானியங்கி வட்டியை நிறுத்திவிட்டு, கெடு தேதியை மட்டும் குறித்து வைத்தால் போதும். 10% தனிவட்டியில் அந்த 4,500-க்கு ஒரு நாளைக்கு ஏறுவது 1.23 டாலர், 18 மாதத்துக்கு 675. அதையே மாதம் 1.5% கூட்டுவட்டியாக ஓடவிட்டால் சுமார் 1,383. கூட்டுவட்டிக்குக் கட்சிக்காரர் கையெழுத்திட்ட தெளிவான எழுத்துச் சம்மதம் வேண்டும். முடிவில் கட்டணம் 3,000 ஆகக் குறைந்தால், 10% வட்டியும் 450 ஆக இறங்க வேண்டும். பழைய வட்டித் தொகையை அப்படியே விட்டுவிட்டு அசலை மட்டும் திருத்துவது அடிக்கடி நடக்கும் தவறு.

எந்தத் தேதியிலிருந்து வட்டி என்பதும் முக்கியம். தொகை நிச்சயமாகக் கணக்கிடக்கூடியதாக இருந்தால் அது சேர வேண்டிய நாளிலிருந்து வட்டி கேட்கலாம். நியாயமான தொகை எது என்பதே கேள்வியாக இருந்தால் வட்டி தருவது நீதிமன்றத்தின் விருப்பம். அதிகபட்சம் வழக்குத் தாக்கலான நாள்வரைதான் பின்னோக்கிப் போகும்.

இடையில் வரும் பகுதிப் பணத்தை எந்த பில்லுக்கு வரவு வைப்பது என்று கட்சிக்காரர் சொன்னால் அப்படியே வைக்க வேண்டும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் சட்டப்படி அது முதலில் வட்டிக்குப் போகும், வட்டி தீர்ந்த பிறகுதான் அசல் குறையும். கட்சிக்காரர்கள் காசோலையோடு பில் எண்ணை எழுதி அனுப்புவது அதனால்தான் நல்லது. டிரஸ்ட் கணக்கில் (கட்சிக்காரர் பணத்தை வக்கீல் தனியாக வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) அவர் பணம் இருந்தாலும், தகராறுக்குரிய பகுதியை முடிவு வரும்வரை தொடக்கூடாது.

வழக்குப் போடுவதென்றால், கட்டண நடுவர் விசாரணைக்கான (கட்டணத் தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் கேட்கும் முறை) உரிமையைச் சொல்லும் அறிவிப்பு அதற்கு முன்போ, சம்மன் சேர்க்கும்போதோ கட்சிக்காரர் கையில் சேர வேண்டும்; இல்லையென்றால் வழக்கே தள்ளுபடியாகலாம். அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் அவர் விசாரணை கேட்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். அறிவிப்பில் குறிப்பிடும் தொகையில் அசலையும் வட்டியையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.