பெரட்டுக்களம் வழியாக ஒரு சிலுவைப்பாதை

பேராக்கின் வடபகுதியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு வரிசைக் கடைவீடுகளோடு முடிந்துவிடும் பட்டணம் அது. ஒரு கோப்பிக்கடை, ஒரு தமிழ்ப்பள்ளி, தோட்டத்து நுழைவாயிலில் மாரியம்மன் கோயில், உள்ளே தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் கோடியில் தகரக் கூரை போட்ட சிற்றாலயம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் லயத்துக் குடும்பங்கள் பல கிள்ளான், ஈப்போ, பட்டர்வொர்த் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டன. பெரிய வெள்ளியன்று அவர்களில் நிறையப் பேர் திரும்பி வருகிறார்கள். திருத்தலம் என்று சொல்லிக்கொள்ள இங்கே எந்த அற்புதமும் நடந்ததில்லை. பிறந்த லயத்தைச் சுற்றிச் சிலுவை தூக்கி, இயேசுவின் பாடுகளை 14 நிலைகளில் நின்று தியானிக்கும் சிலுவைப்பாதை நடப்பதே யாத்திரை.

வர நினைப்பவர்கள் முதலில் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். சபா, சரவாக்கைப்போல் தீபகற்பத்தில் பெரிய வெள்ளி பொது விடுமுறை அல்ல. ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போனால் கூட்டத்துக்குத் தேவையானதைத் திருத்தலமே பார்த்துக்கொள்ளும். இங்கே குடையும் குடிதண்ணீரும் உங்கள் பொறுப்பு. மார்ச், ஏப்ரலில் மதியத்துக்குமேல் இடியோடு மழை இறங்கும். பிற்பகல் 3 மணிக்குத் திருப்பாடுகளின் வழிபாடு வேறு இருக்கிறது. எனவே சிலுவைப்பாதையைக் காலை 7 மணிக்கே தொடங்கிவிடுவது உத்தமம்.

சிலுவைப்பாதைத் தியானங்கள் பெரும்பாலும் ஆணி, சாட்டை, இரத்தம் என்று வலியைப் பற்றியே பேசும். நற்செய்தியோ வலியைச் சட்டென்று கடந்துவிடுகிறது. சிலுவையில் அறைந்ததை மாற்கு ஓரிரு சொல்லில் முடித்துவிட்டு, ஏளனத்துக்கு வசனம் வசனமாக இடம் தருகிறார். வழிப்போக்கர்கள் தலையை ஆட்டிப் பழிக்கிறார்கள், தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் கேலி செய்கிறார்கள், கூடவே அறையப்பட்டவர்களும் சேர்ந்து வசைபாடுகிறார்கள் (15:29-32). அதற்கு முன்பே செந்நிறப் போர்வை, முள்முடி, கையில் ஒரு கோல் என்று படைவீரர்கள் பொய்யாக ஒரு பட்டாபிஷேகம் நடத்தி முடித்திருந்தார்கள். உரோமையர் சிலுவைகளை ஆள் நடமாடும் சாலையோரம் நட்டதே நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். இயேசு அந்த இழிவைப் பொருட்படுத்தவில்லை என்கிறது எபிரேயர் 12:2. ஊரறிய நடந்த மானக்கேடு ஊரறியத்தான் துடைக்கப்பட வேண்டும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த வழித்தடம் அந்தக் கணக்கில்தான் போடப்பட்டிருக்கிறது.

சிலுவையைப் பற்றி ஒரு வார்த்தை. மெராந்தி மரத்தில் 4க்கு 2 அங்குலக் கட்டை, நெட்டு 8 அடி, குறுக்கு 4 அடி என்றால் 10 முதல் 12 கிலோ வரும். பெண்களும் வயதானவர்களும் தோள்மாற்றித் தூக்கலாம். பக்தி மிகுதியால் செங்கால் என்ற கனத்த மரத்தில் 6க்கு 4 கட்டை எடுத்தால் எடை 50 கிலோவைத் தொடும். அப்புறம் வாலிபர்கள் மட்டுமே தூக்குவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கூடும் இடத்தில் இரண்டு கட்டையையும் பாதிப் பாதி செதுக்கிப் பொருத்தி, மூலைவாக்கில் இரண்டு போல்ட் போட வேண்டும். ஒற்றை ஆணியில் நிற்கும் குறுக்குக்கட்டை மூன்றாம் நிலைக்குள் சுழன்றுவிடும். 14 நிலைகளுக்கும் சின்ன மரச்சிலுவைகளைக் கம்பியால் கட்டுங்கள். செம்பனை மரத்தில் ஆணி அடிக்கத் தோட்ட நிர்வாகம் சம்மதிக்காது. நிர்வாகத்திடம் அனுமதிக் கடிதம் வாங்குவதோடு, பாதை பொதுச்சாலையைத் தொடுவதால் போலீஸ் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

நிலைக்கு நிலை ஏறக்குறைய 100 மீட்டர். ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் நின்றால் மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். நீண்ட வரிசையில் பின்னால் வருபவர்களுக்கு முன்னால் சொல்லும் செபம் கேட்காது. "திவ்விய இயேசுவே, உம்மை ஆராதித்து வணங்கி உமக்கு நன்றி கூறுகிறோம்" என்று உபதேசியார் தொடங்கும்போது, வால்பக்கம் இன்னும் முந்தின நிலையின் "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி"யில் இருக்கும். நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று குரல் கொடுக்க ஆள் போட்டால் சரியாகிவிடும். மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனையை முழுதும் நீக்கும் பரிபூரண பலனை நாடுகிறவர்கள் நிலைக்கு நிலை நடக்க வேண்டும். கூட்டம் நகர முடியாத இடத்தில் நடத்துகிறவராவது நகர வேண்டும். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்களுக்காகச் செபம் என்ற வழக்கமான நிபந்தனைகளும் உண்டு. பெரிய வெள்ளியில் திருப்பலி கிடையாது, பாவசங்கீர்த்தனம் கேட்கத் தடையில்லை. ஆனால் அன்றைக்குக் குருவுக்கு நேரம் இராது. முந்தின வாரமே முடித்துவிடுங்கள். முகம் காட்டக் கூசுகிறவர்களுக்காகத்தான் கம்பித் தடுப்பு வைத்த இருக்கை ஆலயத்தில் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை.

முதல் நிலை பெரட்டுக்களத்தில். இருட்டு விலகுமுன் பேர் கூப்பிட்ட இடம். பிந்தி வந்தவனை எல்லார் முன்னாலும் ஏசித் திருப்பி அனுப்பிய இடமும் அதுதான். பிலாத்துவின் தீர்ப்போடு சேர்த்து யோவான் 8ஐயும் இங்கே வாசிப்பது பொருந்தும். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை நடுவில் நிறுத்துகிறார்கள். இயேசு குனிந்து தரையில் எழுதுகிறார், நிமிர்கிறார், மறுபடி குனிகிறார். கூட்டத்தின் கண் முழுவதும் அவள்மேல் இருக்கும்போது, அவர் கண் மண்ணில் இருக்கிறது. பெரியவர்கள் தொடங்கி ஒவ்வொருவராகக் கலைந்து போனபிறகுதான் அவளோடு பேசுகிறார். வாசகர் இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும்.

இரண்டு முதல் நான்கு வரை லயங்களின் ஓரமாகப் போகிறது, சொல்ல அதிகமில்லை. ஐந்தாம் நிலை, ரப்பர் பாலை எடைபோட்ட பழைய கொட்டகை. சீரேன் ஊர் சீமோன் வயற்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர், கேட்காமலே பிடித்துச் சுமை ஏற்றப்பட்டவர். அவரைப் பிடித்த படைவீரர் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. சீமோன் பெயரும் அவருடைய மக்கள் அலக்சாந்தர், ரூபு பெயர்களும் மாற்கு 15:21இல் நிற்கின்றன. ஆறாம் நிலையின் வெரோணிக்கா நற்செய்தியில் இல்லை, மரபில் வருகிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. விவிலியத்தில் உள்ளது மட்டும் போதும் என்பவர்களுக்கு இரண்டாம் யோவான் பவுல் 1991இல் கொலோசேயத்தில் பயன்படுத்திய 14 நிலைகள் இருக்கின்றன. அதில் நான்காவதே பேதுருவின் மறுதலிப்பு. தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே மூன்று முறை மறுதலித்தவரை, உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பருகே மூன்று முறை கேள்வி கேட்டு நிமிர்த்துகிறார் (யோவான் 18, 21). மற்றச் சீடர்களும் அங்கே இருக்கிறார்கள். முதலில் சாப்பாடு, பிறகுதான் கேள்வி.

மூன்று, ஏழு, ஒன்பது ஆகிய மூன்றும் இயேசு விழும் நிலைகள். தியானம் எழுதுகிறவர்கள் தவறு செய்வதும் இங்கேதான். விழுதல் என்றதும் சம்சு குடிப்பவர்களை இழுத்துவிடுவார்கள். கூட்டத்தில் யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அந்த ஆளின் பிள்ளைகளும் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். பத்தாம் நிலையில் பெண்பிள்ளைகளின் உடுப்பைப் பற்றிப் பேசுவது அதைவிட மோசம். ஆடை உரியப்பட்டவர் பக்கம் நிற்க வேண்டிய இடத்தில் உரிந்தவர்கள் பக்கம் நிற்பதாகிவிடும்.

பத்தாம் நிலைக்கு 10 நிமிடம் கொடுங்கள். நான்கு படைவீரர்கள், நான்கு பங்கு. மேலிருந்து கீழ்வரை தையலின்றி நெய்த அங்கிக்கு மட்டும் சீட்டு (யோவான் 19:23-24). தொடக்க நூலில், வெட்கப்பட்டு அத்தியிலை தைத்துக்கொண்டவர்களுக்குத் தோலாடை செய்து உடுத்தியவர் கடவுள் (3:21). லூக்கா 15இல் தகப்பன் ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொள்கிறார். தன்னைக் கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தவன், அந்தக் கடைசி வரியைச் சொல்லி முடிப்பதற்குள் முதல்தரமான ஆடையும் மோதிரமும் மிதியடியும் வந்துவிடுகின்றன. மூன்று தலைமுறை கூலிப்பெயரில் வாழ்ந்த இடத்தில் இதை வாசித்தால் விளக்கவுரை தேவைப்படாது. வாசித்துவிட்டு நிறுத்துங்கள்.

சிலுவையை யார் தூக்குவது என்பதில் சண்டை வரும். வழக்கமாகச் செயற்குழுவினரும் காணிக்கை கொடுத்தவர்களும் முன்னால் நிற்பார்கள். இந்த ஆலயத்தில், ஊர் ஒதுக்கிவைத்தவர்களைத் தேடிப்போய்க் கேட்கிறார்கள்: சிறையிலிருந்து வந்தவர், கணவன் விட்டுப்போனவர், கடனில் வீடு இழந்தவர். மூன்று நாள் முன்னதாக, வீட்டுக்குப் போய், தனியாக. ஏன் உங்களைக் கேட்கிறோம் என்று சொல்வதில்லை, ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பதும் இல்லை. மறுத்தால் வற்புறுத்துவதில்லை. பாதித் தாடி சிரைக்கப்பட்டு, ஆடை இடுப்புவரை வெட்டப்பட்டு வந்த தூதர்களைத் தாவீது எருசலேமுக்குக் கூப்பிடவில்லை. தாடி வளரும்வரை எரிகோவிலேயே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார் (2 சாமுவேல் 10:5). வர மனமில்லாதவர் தன் லயத்து வாசலில் மெழுகுதிரி ஏற்றி வைத்தால் போதும், பாதை அந்தப் பக்கம்தான் போகிறது.

பதினொன்றாம் நிலைக்கு முன் தோட்டத்து வாயிலைத் தாண்ட வேண்டும். இயேசு பாடுபட்டது நகர வாயிலுக்கு வெளியே, நாமும் அவருடைய இழிவைச் சுமந்து வெளியே போவோம் என்கிறது எபிரேயர் 13:12-13. மாரியம்மன் கோயிலில் காலைப் பூசை நேரமானால் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அமைதியாகக் கடக்கிறார்கள். ஆடித் திருவிழாவில் அவர்களும் ஆலயத்தைக் கடக்கும்போது மேளத்தைத் தாழ்த்துவார்கள். பன்னிரண்டாம் நிலை பட்டணச் சாலையோரம், எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழியில் தொங்கிய பலகையைப் போலவே மலாய், தமிழ், சீனத்தில் ஒரு பலகையோடு. கேலிக்கு எழுதியதை மாற்றி எழுதச் சொன்னபோது பிலாத்து மறுத்துவிட்டான். அதனால் உண்மை சுவரொட்டிபோல் அங்கேயே நின்றுவிட்டது. பதினான்காம் நிலை கல்லறைத் தோட்டத்தில். புல் வெட்ட ஒரு வாரம் முன்பே ஆள் விட வேண்டும்.

முடிந்ததும் பச்சைப்பயற்றுக் கஞ்சி. ஒரு கிலோ அரிசி, கால் கிலோ பயறு, 10 லிட்டர் தண்ணீர் என்றால் 25 பேருக்கு வரும். 18 வயதிலிருந்து 59 வரை ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழு உணவு, கட்டாயம் என்பதால், இதைச் சிற்றுணவாக எடுத்துக்கொள்பவர்களுக்குக் கிண்ணம் சிறிதாக இருக்கட்டும். காரில் வந்தவர்களுக்கு நாற்காலி, லயத்துக்காரர்களுக்குப் பாய் என்று பிரியவிடக் கூடாது. இல்லாதவர்களை ஆண்டவரின் பந்தியில் தலைகுனிய வைப்பதற்காகவே பவுல் கொரிந்தியரைக் கடிந்துகொண்டார் (1 கொரிந்தியர் 11:22).

பிற்பகல் 3 மணி வழிபாட்டின் முதல் வாசகம் எசாயா 52:13 முதல் 53:12 வரை. நேரமாகிறது என்று சிலர் 53ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆண்டவரின் துன்புறும் ஊழியர் இகழப்பட்டதில் வாசகம் ஆரம்பிக்கும். ஆண்டவர் அவரை உயர்த்துவதாகச் சொல்வது அதற்கு முந்தின மூன்று வசனங்களில், இகழ்ச்சி இன்னும் வாசிக்கப்படாதபோதே. வாசகப் புத்தகத்தில் அந்த இடத்தை முந்தின நாளே பென்சிலால் குறித்து வைத்துவிடுங்கள்.