அஞ்சி ஒடுங்கும் நாய்க்கு மீட்புக் குழு தேடுவது

காப்பகத்துக்கு நாய் பார்க்க வருகிறவர்கள், கம்பியருகே ஓடிவந்து வாலாட்டும் நாயின் முன்னால்தான் நிற்பார்கள். பின்சுவரோடு ஒட்டி, மூலையைப் பார்த்தபடி கிடக்கும் நாயைக் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை; வீட்டுக்கு ஒரு துணை தேடி வருகிறவரிடம், தொட விடாத, கயிற்றைக் கண்டாலே தரையோடு தரையாகப் படுத்துவிடும் ஓர் உயிரைக் கொண்டுபோகச் சொல்வது எளிதன்று. அப்படிப்பட்ட நாய்க்கு வாழ்வு அமைய வேண்டுமானால், அதைப் பொறுப்பேற்று, ஒரு வீட்டில் வைத்துத் தேற்றி, பிறகு தத்துக்கொடுக்கக்கூடிய மீட்புக் குழுவை நாமே தேடிப் போக வேண்டியிருக்கிறது. நான் தன்னார்வலராக இருக்கும் காப்பகத்தில் செம்பி என்ற பெண் நாய்க்காக அந்தத் தேடலை மேற்கொண்டேன். அதில் தெரிந்துகொண்டவை இதே நிலையில் இருக்கும் பிறருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

இத்தகைய நாயைப் பார்த்ததும், "யாரோ அடித்துத் துன்புறுத்தியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுவது வழக்கம். சில நாய்களின் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 12 அல்லது 14 வாரம் வரையிலான குட்டிப் பருவத்தில் மனிதரோடு பழக வாய்ப்பில்லாமல் வளர்ந்த நாய், யாரும் கை ஓங்காமலேயே மனிதரைக் கண்டு நடுங்கும். பிறவியிலேயே அச்ச சுபாவம் கொண்ட நாய்களும் உண்டு. செம்பியின் கடந்த காலம் எங்களுக்குத் தெரியாது. தெரியாததைக் கதையாக்கி விளம்பரத்தில் போடுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். கண்ணீர் வரவழைக்கும் கதையைப் படித்துவிட்டு வருகிறவர், கொஞ்சம் அன்பு காட்டினால் ஒரே வாரத்தில் மடியில் வந்து படுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறார். அது நடக்காதபோது நாய் மறுபடியும் காப்பகத்துக்கே வந்து சேர்கிறது.

கூண்டில் நாம் காணும் நாய் முழு நாயும் அன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குரைப்பொலி ஓயாத இடத்தில், நாள்தோறும் புதுப்புது ஆட்கள் கடந்துபோகும் இடத்தில், அஞ்சும் நாய்க்குத் தேறுவதற்கான அவகாசமே கிடைப்பதில்லை. அமெரிக்கக் காப்பகங்கள் ஐந்தில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவைத்தபோது அவற்றின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசாலின் அளவு குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் அது பழைய நிலைக்கே வந்துவிட்டது. அஞ்சும் நாய்க்காக மீட்புக் குழுவிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது ஒரு வீட்டுச் சூழல் என்பதற்கு எனக்கு இதுவே போதிய காரணமாகப் படுகிறது.

அடுத்தது கடிதம். மீட்புக் குழுக்களுக்கு வரும் கோரிக்கைகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை "தயவுசெய்து காப்பாற்றுங்கள்" என்ற மன்றாட்டோடு நின்றுவிடுகின்றன. படிக்கிறவருக்கு உண்மையில் தேவைப்படுவது, அந்த நாயைத் தம்மிடம் உள்ள எந்த வீட்டில் வைக்க முடியும் என்று தீர்மானிப்பதற்கான விவரம். வயது, எடை, கருத்தடை, தடுப்பூசி, நோய்ப் பரிசோதனை ஆகியவற்றை இரண்டு வரிகளில் முடித்துவிடலாம். நடத்தையைப் பற்றித்தான் நிதானமாக எழுத வேண்டும். "பயந்த சுபாவம், ஆனால் தங்கமான நாய்" என்ற வரியிலிருந்து ஒருவராலும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. செம்பியைப் பற்றி நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: புதியவர் உள்ளே வந்தால் உறைந்துபோகிறாள், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கிறாள், உதட்டை நக்கிக்கொள்கிறாள், இதுவரை உறுமியதோ பல்லைக் காட்டியதோ இல்லை, பழகியவர் முதுகைத் திருப்பித் தரையில் உட்கார்ந்து கையைப் பின்னால் நீட்டினால், பின்னங்கால்களை இருந்த இடத்திலேயே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி உணவை எடுத்துக்கொள்கிறாள், அவர் எழுந்து நின்றால் சுவருக்கு ஓடிவிடுகிறாள், கழுத்துப்பட்டையைப் பிடித்தால் சிறுநீர் கழித்துவிடுகிறாள்.

கடைசி வரியை நீக்கிவிடலாம் என்று சக தன்னார்வலர் ஒருவர் சொன்னார். நான் உடன்படவில்லை. ஒரு நாய் கடித்திருந்தால் அதையும் எழுதியே ஆக வேண்டும். எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது, காயம் எவ்வளவு ஆழம் என்று எழுதினால், அனுபவமுள்ள குழு அதைப் புரிந்துகொள்ளும். மறைத்து அனுப்பினால் முதலில் ஆபத்துக்குள்ளாவது அந்த நாயைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட மனிதர். அதன் பிறகு அந்தக் குழு நம் காப்பகத்திலிருந்து வேறெந்த நாயையும் எடுக்காது. கருணைக்கொலைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குறிக்கப்படாதபோது அவசரத்தைக் கூட்டுவதற்காக ஒரு நாளை நாமே கற்பித்துக்கொள்ளக் கூடாது.

செம்பிக்கு வழி திறந்தது ஒரு சிறிய காணொளியால். காப்பகத்தில் அமைதியான, வயதான ஓர் ஆண் நாய் இருந்தது. இருவரையும் அடைப்பு முற்றத்தில் விட்டபோது, செம்பி அந்த நாயின் பின்னாலேயே நடந்தாள். அது என் கையை முகர்ந்தபோது அதன் தோளுக்குப் பின்னாலிருந்து தானும் மூக்கை நீட்டினாள். அதுவரை இடுக்கிக்கொண்டிருந்த வால் மெல்ல நடுமட்டத்துக்கு வந்தது. மனிதரிடம் அஞ்சும் நாய்கள் பல, நம்பிக்கையுள்ள இன்னொரு நாயைப் பார்த்துத் தைரியம் பெறுகின்றன. அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு மிகுந்த அச்சமுள்ள நாய்களுக்கென்றே 2018இல் நார்த் கரோலைனாவில் திறந்த மறுவாழ்வு மையத்திலும் இத்தகைய துணை நாய்களைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் காணொளியைப் பார்த்த குழுவினர், பழகிய நாய்கள் உள்ள தற்காலிக வளர்ப்பு வீடு ஒன்று தங்களிடம் சில வாரங்களில் காலியாகும் என்று பதில் எழுதினார்கள்.

அதற்கு முன் பல குழுக்கள் மறுத்திருந்தன. மறுப்பு என்பது பெரும்பாலும் இடமின்மையே. பல மீட்புக் குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, தன்னார்வலர்களின் வீடுகள் எத்தனையோ அத்தனை நாய்களைத்தான் அவர்களால் எடுக்க முடியும். எனவே "எடுப்பீர்களா?" என்று மட்டும் கேட்காமல், "எது அமைந்தால் உங்களால் எடுக்க முடியும்?" என்று கேட்பது பயன் தரும். வண்டியில் கொண்டுவந்து விடுவது, இடம் காலியாகும்வரை வேறொருவர் வீட்டில் வைத்திருப்பது, மருத்துவச் செலவில் பங்கேற்பது போன்றவற்றில் நம்மால் இயன்றதை முதல் கடிதத்திலேயே குறிப்பிடலாம்.

நாமும் அவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். இடம் கிடைத்த மகிழ்ச்சியில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நாய் உண்மையில் எங்கே இருக்கப்போகிறது, வீட்டிலா, அல்லது கட்டண விடுதியின் கூண்டிலா? விடுதிக் கூண்டில் மாதக்கணக்கில் கிடப்பதென்றால், அஞ்சும் நாய்க்கு இடம் மாறியதே தவிர வேறெதுவும் மாறவில்லை. தத்து முறிந்தால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, அது எழுத்தில் உள்ளதா? நாயை அடித்தும் அதட்டியும் பழக்குகிறவர்களை அமர்த்துகிறார்களா? தேவைப்பட்டால் கால்நடை மருத்துவரிடம் அச்சத்துக்கான மருந்து கேட்கத் தயங்காதவர்களா? ஃப்ளூவாக்செடின் போன்ற மருந்தின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், பொறுமையில்லாத இடத்தில் அது பாதியிலேயே நிறுத்தப்பட்டுவிடும்.

பயண நாளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அஞ்சும் நாய் தப்பியோடினால், கூப்பிட்டால் வராது; துரத்தினால் இன்னும் தொலைவுக்கு ஓடும். செம்பிக்கு உடலோடு பொருந்தும் ஹார்னஸ் என்ற மார்புப்பட்டை ஒன்றும், பின்வாங்கி இழுத்தால் இறுகும் கழுத்துப்பட்டை ஒன்றும் போட்டு, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டினோம். அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் பதிவைச் சரிபார்த்தோம். வண்டிக்குள் மூடிய கூண்டில் வைத்து, வளர்ப்பு வீட்டில் அறைக் கதவைச் சாத்திய பிறகே அதைத் திறந்தோம்.

இப்போது அந்த வீட்டு நாய்கள் சாப்பிடும்போது செம்பியும் அவற்றோடு வந்து சாப்பிடுகிறாள். ஆட்கள் வந்தால் இன்னும் மேசைக்கடியில் போய்விடுகிறாள். தத்து விளம்பரத்தைக் குழுவினர் இன்னும் வெளியிடவில்லை. வெளியிடும்போது, வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்க வேண்டும், சுற்றுச்சுவர் உயரமாக இருக்க வேண்டும், சிறு குழந்தைகள் இருக்கக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளையும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் விண்ணப்பங்கள் குறையும்; எனக்கு அதில் முழுச் சம்மதம்.