42-ம் நம்பர் கம்பி

மோட்டார் வைண்டிங் சாமான் விற்கும் கடையில் போய் நின்று, பெரிய ஞானி மாதிரி, "42-ம் நம்பர் எனாமல் கம்பி கால் கிலோ கொடுங்கண்ணே" என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் நிறுத்துக் கொடுத்தார். தப்பு அவர் மேல் இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் கம்பிச்சுருள்தான் பிக்கப். அதை நானே சுற்றிப் பார்க்கும் ஆசையில் நான் படித்ததெல்லாம் அமெரிக்கக் கணக்கு. அங்கே 42 என்றால் செம்பு மட்டும் 0.063 மில்லிமீட்டர், ஏறக்குறைய தலைமுடி தடிமன். நம் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் எஸ்டபிள்யூஜி கணக்கு, அதில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டர். நான் கேட்டிருக்க வேண்டியது 46.

இது உறைத்தது கம்பி சுற்றும் பாபின் நிறைந்த பிறகுதான். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் இருக்கும் வகை பிக்கப்புக்கு 7,600 சுற்று என்று கணக்கு வைத்து உட்கார்ந்தவனுக்கு, 3,000 தாண்டியதுமே கம்பி விளிம்பைத் தொட்டுவிட்டது. மல்டிமீட்டரை வைத்தால் 860 ஓம். வர வேண்டியது 5,600-க்கு மேல். ஆம்ப்பில் போட்டால் சத்தம் கொசு பாடுகிற மாதிரி.

பிக்கப் செய்வது கேட்பதற்கு ரொம்ப எளிது. ஆறு அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தக் குச்சிகள், மேலும் கீழும் ஃபைபர் தகடு, நடுவில் கம்பி. காந்தம் மேலே போகும் ஸ்டீல் ஸ்ட்ரிங்கையும் காந்தமாக்கிவிடுகிறது, அது அதிரும்போது காயிலுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது, அதனால் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே சொன்னதுதான், வேறொன்றுமில்லை. 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் கொண்டுவந்த 'ஃப்ரையிங் பேன்' கிட்டாரில் குதிரைலாட வடிவக் காந்தம் ஸ்ட்ரிங்குகளைச் சுற்றி வளைத்தே நிற்கும். அதற்கு 1937-ல் காப்புரிமை கிடைத்தது. அடிப்படை அன்றிலிருந்து மாறவே இல்லை, நைலான் ஸ்ட்ரிங் போட்டால் இன்றைக்கும் ஒரு சத்தமும் வராது.

சரி, இரண்டாவது முறை 46-ம் நம்பர் வாங்கி வந்தேன். ஒரு பிக்கப்புக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கம்பி போகும், எடை என்னவோ சுமார் 30 கிராம்தான். பழைய தையல் மெஷின் மோட்டாரில் பாபினை மாட்டினேன். சுற்றை எண்ண ஒரு பழைய வித்தை இருக்கிறது: கால்குலேட்டரின் சமக்குறி பட்டனோடு காந்தம் பக்கத்தில் வந்தால் தானே மூடும் ஒரு ரீட் சுவிட்சைச் சேர்த்துவிட்டு, சுழலும் தட்டில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிவிட வேண்டும். ஒன்று கூட்டல் ஒன்று அடித்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று ஏறும். நொடிக்குப் பத்துக்கு மேல் போனால் கால்குலேட்டர் தடுமாறும், ஆகவே நிதானம்.

படித்த எதிலும் யாரும் சொல்லாத பிரச்சினை ஃபேன். இவ்வளவு மெல்லிய கம்பி மின்விசிறிக் காற்றிலேயே பட்டம் மாதிரி ஆடுகிறது. மே மாத மதியம், ஃபேனை நிறுத்திவிட்டு, விரல்களுக்கு நடுவே ஒரு துண்டு ஃபெல்ட் வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதிமூன்று நிமிடம் உட்கார வேண்டும். அழுத்திப் பிடித்தால் அறுந்துவிடும், தளர்த்தினால் காயில் பொதபொதவென்று வீங்கும். வேர்வை வேறு. எனாமலில் எங்காவது ஊசித்துளை இருந்தால் அந்த உப்பு செம்பை அரித்து, சில மாதம் கழித்துப் பச்சை பூத்துப் பிக்கப் செத்துப்போகும். இந்தக் கம்பியில் முதல் முயற்சி 6,200-ல் அறுந்தது. காரணம் தும்மல்.

அடுத்தது அறுந்துபோகாமல் முடிந்தது: தடை 5.7 கிலோ ஓம், இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) 2.3 ஹென்றி. இங்கேதான் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பிக்கப் விற்பவர்கள் முதலில் சொல்வது ஓம் கணக்கு, வாங்குபவர்களும் "எத்தனை கே?" (கிலோ ஓம்) என்றுதான் கேட்கிறார்கள், ஓம் கூடினால் சத்தம் கூடும் என்ற நம்பிக்கையில். ஏசி அறையில் 5.7 காட்டிய அதே காயிலை மொட்டைமாடி ஷெட்டில் மதியம் அளந்தேன், கிட்டத்தட்ட 6. ஒரு டிகிரி ஏறினால் செம்பின் தடை 0.4 சதவீதம் ஏறும், அவ்வளவுதான் விஷயம். இன்னும் மெல்லிய கம்பியில் அதே அளவு சுற்றினால் ஓம் எகிறும், இண்டக்டன்ஸ் பெரிதாக மாறாது.

தொனியைத் தீர்மானிப்பது இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டன்ஸும் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் குணம்) சேர்ந்து ஏதோ ஒரு அதிர்வெண்ணில் எழுப்பும் மேடு, அந்த இடத்தில் ஒலி தூக்கலாக வரும். இதில் கேபிளும் பங்காளி. சாதாரண கிட்டார் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட், காயிலுக்கும் உள் வயருக்கும் ஒரு 150 வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் கேபிளில் என் பிக்கப்பின் மேடு 4,900 ஹெர்ட்ஸ் பக்கம், 6 மீட்டர் மாட்டினால் 3,800-க்கு இறங்குகிறது. காதுக்கே தெரிகிறது, பளபளப்பு போய் மூக்கால் பேசுகிறது. புது பிக்கப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் முன் 330 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை ஜாக்கின் இரு முனைக்கும் குறுக்கே சாலிடர் வைத்துக் கேட்டுப் பாருங்கள். டீ விலைகூட ஆகாது.

அப்புறம் ரீங்காரம். ஒற்றைக் காயில் என்றால் கரண்ட் சத்தமும் சேர்ந்தே வரும். நமக்கு 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100, ஆறாவது ஸ்ட்ரிங்கின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி-க்கு மிகப் பக்கம். ஜி-யில் ஒரு பாட்டு வாசித்தால் இலவசமாக ஒரு தம்பூரா! இதைக் கொல்லத்தான் கிப்சன் கிட்டார் கம்பெனியில் இருந்த சேத் லவர் 1955-ல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்: இரண்டு காயில், காந்த முனையும் எதிர், சுற்றும் எதிர். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஸ்ட்ரிங்கின் ஒலி கூடிக்கொள்ளும். காப்புரிமை 1959-ல் வந்தது. அதற்குப் பின் ஒட்டிய ஸ்டிக்கரில் கிப்சன் போட்ட எண் பிக்கப்புடையதே அல்ல, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸுடையது (ஸ்ட்ரிங்குகளின் அடிமுனையைப் பிடித்துவைக்கும் பாகம்). என்னுடைய 42-46 குழப்பத்துக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

கடைசியில் மெழுகு. பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு, நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு டப்பா, 65 டிகிரி. காயிலிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை ஊற வேண்டும். இல்லாவிட்டால் ஆம்ப்பை ஏற்றும்போது தளர்ந்த சுற்றுகள் அதிர்ந்து கீச்சென்று கத்தும்.

அந்த 860 ஓம் காயிலைத் தூக்கிப் போடவில்லை. அதன் மேடு 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, கிட்டார் ஸ்பீக்கருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. சுற்றும் குறைவு, சிக்னலே சின்னது. அதனால்தான் கொசுச் சத்தம். ஆனால் லெஸ் பாலுக்கே இப்படிப்பட்ட லோ இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குத் தடை குறைந்த) பிக்கப்தான் பிடித்தம், 1971-ல் வந்த லெஸ் பால் ரெக்கார்டிங் கிட்டாரில் அதைத்தான் வைத்தார்கள். நானும் சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் ஒரு சின்ன ப்ரீஆம்ப் சேர்த்து நேராகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். எவ்வளவு நீளக் கேபிள் மாட்டினாலும் தொனி மங்கவில்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது. அந்த 42-ம் நம்பர் கால் கிலோவில் இன்னும் 220 கிராம் கிடக்கிறது, ஏழு பிக்கப்புக்கு வரும்.