குதிரையேற்றப் பயிற்றுநர் சான்றிதழுக்காக நான் பட்ட பாடு

உங்கள் ஐசியில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், பெயருக்கு நடுவே 'இன்னாரின் மகள்' என்கிற 'ஏ/பி' அல்லது 'இன்னாரின் மகன்' என்கிற 'ஏ/எல்' இருக்கிறதா? அப்படியென்றால் வெளிநாட்டுத் தேர்வு எதற்கும் பதிவதற்கு முன்னால் அந்தச் சாய்கோட்டை என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். நான் முடிவு செய்யவில்லை. மூன்று மாதம் போனது.

நான் பினாங்கில் ஒரு சின்ன லாயத்தில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பா டர்ஃப் கிளப்பில் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக, வேலை பார்த்தவர். 1864இல் தொடங்கிய கிளப் அது. 2025 மே மாதத்தோடு பந்தயம் நின்றுபோனது. குதிரை குளிப்பாட்டும் இடத்தில்தான் நான் நடை பழகினேன் என்று அம்மா சொல்வார். எனக்குக் குதிரை பிரச்சினை இல்லை. பேப்பர்தான் பிரச்சினை.

2016இல் பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் ஸ்டேஜ் 2 வரை, சவாரி, பராமரிப்பு இரண்டிலும், தேறியிருந்தேன். அன்றைக்குப் பாதை தெளிவாக இருந்தது. அடுத்து பி.டி.டி. என்கிற தொடக்கநிலைப் போதனைத் தேர்வு, அப்புறம் ஸ்டேஜ் 3, எல்லாம் சேர்ந்தால் ஏ.ஐ., அதாவது உதவிப் பயிற்றுநர். இடையில் கல்யாணம், குழந்தை, கோவிட். பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் பி.டி.டி.யும் இல்லை, ஏ.ஐ.யும் இல்லை. ஸ்டேஜ் 2க்குள்ளேயே 'டீச்' என்று ஒரு பகுதி வந்திருந்தது. பராமரிப்பு, சவாரி, போதனை மூன்றும் இருந்தால் 'ஃபவுண்டேஷன் கோச்'. ஸ்டேஜ் 3 முடித்தால் 'கோச்', 4க்கு 'சீனியர் கோச்', 5க்கு 'பெர்ஃபார்மன்ஸ் கோச்', அதற்கும் மேலே 'ஃபெல்லோ'. இன்ஸ்ட்ரக்டர் என்ற சொல்லே காணாமல் போயிருந்தது. சரி, பெயர்ப்பலகையை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஒரு தேர்வுக் கட்டணம் கொடுத்தேன், பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு குழப்பம். லாயத்துக்கு வரும் பெற்றோர் இப்போதெல்லாம், "உங்ககிட்ட லெவல் 1 இருக்கா?" என்று கேட்கிறார்கள். எந்த லெவல் 1? தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டமான எஸ்.பி.கே.கே.யில் 1, 2, 3 என்று இருக்கிறது. லொசானில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமான எஃப்.இ.ஐ.யின் பயிற்றுநர் திட்டத்திலும் 1, 2, 3 இருக்கிறது. நான் வைத்திருப்பதோ ஸ்டேஜ். மூன்றும் மூன்று ஏணி. ஒன்றில் இரண்டாம் படியில் நிற்பவர் இன்னொன்றில் தரையில் நிற்கலாம். விண்ணப்பிக்கும் முன் எந்த ஏணி என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

அது எனக்குத் தெரியவந்த கதை இது. கோலாலம்பூரில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். விடிவதற்கு முன்னால் எழுந்து, பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் பிடித்து, நாலு மணி நேரம் உட்கார்ந்து, கேஎல் சென்ட்ரலில் பசியாறாமல்கூட ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டேஜ் 2 என்றால் லெவல் 2தானே? அப்புறம் ஏன் லெவல் 1க்கு விண்ணப்பிக்கிறீர்கள்?"

இரண்டும் வேறு என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அப்புறம் நகலை எடுத்து, சாப்பா, அதாவது உறுதிமுத்திரை, இருக்கிறதா என்று பார்த்தார்.

"இதில் சாப்பா இல்லையே."

"ஒரிஜினலே உங்கள் கையில் இருக்கிறதே, புவான்."

"இருக்கிறது. ஆனால் நகலில் சாப்பா இல்லை."

சாப்பா குத்தும் அதிகாரி அங்கேயே இருந்தால் குத்தி வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். இருக்கிறார், ஆனால் குர்சுசுக்கு, அதாவது பயிற்சி வகுப்புக்கு, போயிருக்கிறார், புதன்கிழமை வருவார் என்றார். அன்று திங்கள். முகத்தில் கோபமோ எரிச்சலோ ஒன்றுமே இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. சண்டை போடவும் வழியில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு அன்று இரவே திரும்பினேன்.

நகலுக்கு உறுதிமுத்திரை வாங்க அவ்வளவு தூரம் போகவே வேண்டாம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நான் படித்த தமிழ்ப்பள்ளி. தலைமையாசிரியர் ஒரிஜினலையும் நகலையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தார். "என்னம்மா, இன்னும் குதிரைதானா?" என்றபடி ஆறு நகலில் சாப்பா குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஆறு நகல் என்பது என் யோசனை இல்லை, அவருடைய யோசனை. ஆறும் செலவாகிவிட்டன.

எஸ்.பி.கே.கே.யின் விளையாட்டு அறிவியல் பகுதியில் சொல்வதற்கு அதிகமில்லை. உடற்கூறு, காயம், சத்துணவு, உளவியல், பயிற்சித் திட்டம். உட்கார்ந்தேன், எழுதினேன், தேறினேன். பக்கத்து நாற்காலியில் ஒரு சிலம்பம் மாஸ்டர். "நீங்க வார்ம்அப் பண்ணுவீங்க சரி, குதிரை யார்கிட்ட கத்துக்கும்?" என்று கேட்டார். வகுப்பு முழுவதிலும் கேட்கப்பட்ட நல்ல கேள்வி அதுதான். இந்தப் பகுதியில் தேறிவிட்டால் லெவல் 1 கையில் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குதிரையேற்றத்துக்கே உரிய பகுதி தனி, செய்முறை தனி.

இனி சாய்கோடு. ஸ்டேஜ் 2 போதனைத் தேர்வுக்கு இங்கே பதிவு செய்து கொடுத்த இடத்தில் இணையப் பாரம் 'ஏ/பி'யை ஏற்கவே இல்லை. 'செல்லாத எழுத்து' என்று சிவப்பில் காட்டியது. சாய்கோட்டை எடுத்துவிட்டு 'ஏபி' என்று அடித்தேன். என் நடுப்பெயர் 'ஏபி' ஆகிவிட்டது. 2016 சான்றிதழில் அது இல்லை. அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. ஐசியில் இரண்டும் இருக்கிறது. ஆக மூன்று பேப்பரில் மூன்று பெண்கள். இவர்கள் மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கும்படி மின்னஞ்சல் வந்தது. 'ஏ/பி' என்றால் 'இன்னாரின் மகள்' என்று மட்டும்தான், அது பெயரே இல்லை என்று எழுதினேன். பதிலுக்கு, அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றேன். பத்து நாள் மௌனம். கடைசியில் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய், மூன்றும் நானே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி அனுப்பிய பிறகுதான் கதவு திறந்தது. அந்தப் பத்திரத்தை முதல் நாளே இணைத்திருந்தால் மூன்று மாதமும் மிச்சம்.

முதலுதவிச் சான்றிதழும் கடித்தது. வீட்டிலிருந்தே இணையத்தில் படித்து எடுத்தது என்னிடம் இருந்தது. அது செல்லாது, பொம்மையின் மார்பில் அழுத்திக் காட்டியிருக்க வேண்டும் என்றார்கள். நியாயம்தான். குதிரையிலிருந்து விழுந்த பிள்ளைக்கு நான் திரையைத் தட்டியா உதவி செய்யப் போகிறேன்? ஒரு சனி ஞாயிறு அதற்குப் போனது. சிறுவர் பாதுகாப்பு வகுப்பு ஓர் இரவில் முடிந்தது.

இதெல்லாம் முடிந்து, கேஎல்லுக்கு வெளியே ஓர் லாயத்தில் தேர்வு. குதிரையை வட்டமாகச் சுற்றவிடும் லஞ்ஜ் கயிற்றில் ஒரே மாணவரை வைத்து நடத்தும் பாடம் நன்றாகவே போனது. அப்புறம் குழுப்பாடம்: 20க்கு 40 மீட்டர் மைதானம், மூன்று பேர், மூன்று குதிரை. நான் வழக்கம்போல் ஒவ்வொரு குதிரையிடமும் போய், சேணத்தை இறுக்கும் வயிற்றுப் பட்டையான கர்த்துக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்து, அங்கவடி நீளம் சரிபார்த்து, ஏற்றிவிட்டேன். நடை, டிராட் என்கிற துள்ளோட்டம், வட்டம், திசை மாற்றம் எல்லாம் நடந்தது. நடுவில் தூரத்தில் இடி. கேஎல்லில் மதியத்துக்கு மேல் அது வராவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு குதிரை காதை ஆட்டியதும் மூவரையும் நடைக்குக் கொண்டுவந்து, பாடத்தைச் சுருக்கி இறக்கிவிட்டேன். அதற்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

தேறவில்லை.

தேர்வாளர் அம்மா மரியாதையாகத்தான் சொன்னார். இடிக்காக நிறுத்தியது நல்ல முடிவு. ஆனால் மாணவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகு கர்த்தை மறுபடி பார்த்தீர்களா? பார்த்தேன் என்றேன். நான் பார்க்கவில்லையே, உங்கள் மாணவர்களும் பார்க்கவில்லையே என்றார். உண்மையில் பார்த்தேன். பக்கத்தில் போய்ப் பேசுகிற சாக்கில் சேணத்தின் ஓரத்துக்குள் கை போய்விடும். நான் சைஸ் மகள்; சேணம் போடும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும், கொஞ்சம் நடந்தால் கர்த் தளர்ந்துவிடும் என்பது எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரியும். ஆனால் ஏன் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாணவர்களிடம் பாடம் முழுக்க ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "முதுகை நிமிர்த்து, குதிகாலை இறக்கு" என்று உத்தரவுதான் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். பதில் இல்லை.

இன்ஸ்ட்ரக்டர் போய் கோச் வந்தது பெயர்ப்பலகை மாற்றம் இல்லை என்று அங்கேதான் உறைத்தது. பழைய முறையில் படித்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கை செய்வதை வாய் சொல்ல வேண்டும். பாடத்துக்கு முன்னால் இன்றைக்கு என்ன குறி என்று மாணவரோடு பேசி வைக்க வேண்டும், முடிவில் அது நடந்ததா என்று அவரையே சொல்ல வைக்க வேண்டும். இதில் பாதி நாடகம் என்று இன்னமும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மற்ற பாதி எனக்கு வேண்டியிருந்தது.

அடுத்த முறைக்கு ஏழு மாதம் இருந்தது. தினமும் மாலை ஐந்தரைக்கு வெயில் தாழ்ந்ததும் அப்பா மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் பாலில்லாத் தேநீரான தே ஓ வைத்துக்கொண்டு, தேர்வாளராக உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு எதையாவது செய்தால் உடனே, "என்னா பண்ற? சொல்லு!" என்று சத்தம் வரும். அப்பா குதிரையைத் தேய்க்கும்போது அதனிடம் பேசிக்கொண்டேதான் தேய்ப்பார். காலைத் தூக்கப் போறேன்டா, பின்னால வர்றேன்டா என்று ஒவ்வொன்றையும் சொல்வார். இத்தனை வருடம் கேட்டும் அது குதிரைக்கு மட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இரண்டாம் தடவை தேர்வில், மூவரும் ஏறியதும் வரிசையாக நிறுத்தி, "இப்போது ஏன் மறுபடியும் கர்த்தைப் பார்க்கப் போகிறேன், யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். ஒரு பதின்மூன்று வயதுப் பெண் சரியாகச் சொன்னாள். டிராட்டில் எந்தத் தோள் முன்னே போகும்போது எழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அவர்களையே பார்த்துச் சொல்ல வைத்தேன். வெளிப்பக்கத் தோள் என்று மூன்றாவது சுற்றில் ஒரு பையன் கண்டுபிடித்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது, சரி, அந்த அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று பட்டது.

பட்டியலைப் படிக்கும்போது என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், 'மிஸ்' சேர்த்து. தேறிவிட்டேன்.

சான்றிதழ் வந்த அன்று அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தார். என் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி, 'ஏபி' ஓடிப்போய், அவர் பெயர் மட்டும் முழுதாக நின்றது.

"இது எனக்குக் குடுத்ததா, உனக்கா?"

திருத்தம் கேட்க ஒரு பாரம் இருக்கிறது. இரண்டு மாதமாகிறது, இன்னும் அனுப்பவில்லை. அச்செடுத்ததை அவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.