‘யாரு தள்ளிவிட்டது?’ என்று கேட்பதற்கு முன்

எல்.கே.ஜி.யில் படித்த பாட்டு ஒன்றுகூட நினைவில் இல்லாத பெரியவர்களும் ஒரு காட்சியை மட்டும் துல்லியமாகச் சொல்வார்கள். கையிலிருந்த பென்சில் பக்கத்துப் பெண்ணின் கன்னத்தில் குத்தியது. ஓடிவந்த வேகத்தில் மோதி ஒருவன் வாயில் ரத்தம் வந்தது. கதவைச் சாத்தியபோது தோழியின் விரல் உள்ளே இருந்தது. சீருடையில் விழுந்த ரத்தத் துளி, மிஸ் போட்ட சத்தம், சாயந்திரம் கேட்டருகே நின்ற இன்னொரு அம்மாவின் முகம் எல்லாம் முப்பது வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். அடிபட்ட பிள்ளையின் காயம் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். தெரியாமல் அடித்துவிட்ட பிள்ளைக்கு அது ஏன் ஆறவே இல்லை? பாலர் வகுப்பில் வேலை பார்ப்பவர்கள் இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அடிபட்ட முதல் பத்து நிமிடத்தில் பெரியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பார்த்தால் போதும்.

நான்கு வயதுப் பிள்ளையின் உடம்பு அப்படிப்பட்டது. தலை பெரிது, கால் சிறிது; லேசாகத் தட்டினாலும் முகம் முன்னால் போய் விழும். ஓடுவதற்குத் தெரியும், நினைத்த இடத்தில் நிற்பதற்கு இன்னும் வராது. பென்சிலை விரலால் பிடிக்காமல் முழுக் கையால் இறுக்கிப் பிடிப்பார்கள். யாராவது கூப்பிட்டதும் கையைத் தாழ்த்தாமலே திரும்புவார்கள். அந்த உயரத்தில்தான் பக்கத்தில் இருப்பவரின் முகம் இருக்கும். கை கழுவப் போகும் வரிசையில் கடைசியில் நிற்பவன் ஒரு அடி முன்னால் நகர்ந்தால், அந்தத் தள்ளல் இருபது பிள்ளைகளைத் தாண்டி முதலில் நிற்பவளைக் குழாய் மேடையில் கொண்டுபோய் மோதும். இதில் ‘தள்ளிவிட்டது யார்’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடையே கிடையாது.

ஆனாலும் முதலில் நம் வாயில் வருவது அந்தக் கேள்விதான். கேட்ட உடனே இருபது சுட்டுவிரல் ஒரு பிள்ளையை நோக்கி நீளும். அந்தப் பிள்ளைக்கு அதுவரை நடந்தது முழுதாகப் புரிந்திருக்காது. அந்த விரல்களைப் பார்த்ததும் ஒன்று மட்டும் புரியும்: நான் கெட்ட பிள்ளை. சில பிள்ளைகள் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார்கள், சிலர் டவுசரை நனைத்துவிடுவார்கள், சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பெரியவர்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டு முதுகில் ஒன்று வைப்பதும் நடக்கிறது. பயத்தில் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் இழுபடுவதுதான் அது. உதட்டைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். சட்டை நுனியைக் கசக்கிக்கொண்டிருக்கும்.

அதனால் முதல் வேலை, எதுவும் கேட்காமல் அடிபட்ட பிள்ளையிடம் நடந்து போவது. ஓட வேண்டாம், மிஸ் ஓடினால் வகுப்பே அலறும். தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்து, “எங்க வலிக்குது கண்ணா, காட்டு” என்று கேட்கலாம். ஆயாம்மா இருந்தால், தெரியாமல் அடித்துவிட்ட பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். மூலைக்கு அனுப்பக் கூடாது, வெளியே நிறுத்தக் கூடாது. அடிபட்டவனைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவன் அழுகை குறைகிறது என்பதை இவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காத பிள்ளை மனதுக்குள் அந்தக் காயத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும்.

காயத்துக்கு வருவோம். அதிகம் பார்ப்பது பென்சில் குத்து. உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். ‘லெட்’ (lead, ஈயம்) என்ற ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு ‘ஈய விஷம் ஏறிவிடும்’ என்று பயப்படுவார்கள், அதில் ஈயம் கிடையாது. ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, முனை உடைந்து உள்ளே தங்கியிருக்கிறதா என்று பென்சிலையும் காயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தங்கியிருந்தால் ஊக்கால் நோண்டாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. எடுத்த பிறகும் ஒரு சாம்பல் புள்ளி பல வருடம் தோலில் நிற்கலாம், கெடுதல் இல்லை. கண்ணில் குத்தினால் கதையே வேறு. கழுவக் கூடாது, தேய்க்கவோ அழுத்தவோ கூடாது, ஏதாவது செருகி நின்றால் பிடுங்கவே கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்ணின் மேல் படாமல் கவிழ்த்துப் பிடித்தபடி நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாக்பீஸ் தூள் மாதிரி பொடி விழுந்தால் மட்டும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

கதவு விஷயத்தில் எல்லாரும் பூட்டுப் பக்கத்தைத்தான் கவனிக்கிறார்கள். ஆபத்து கீல் பக்கம். 90 செ.மீ. அகலக் கதவின் ஓரத்தில் ஒரு பிள்ளை விளையாட்டாகக் கை வைத்துத் தள்ளும்போது, கீலிலிருந்து 3 செ.மீ. தள்ளி இருக்கும் விரலின் மேல் அந்தத் தள்ளல் முப்பது மடங்காக இறங்குகிறது. பாக்குவெட்டி வேலை செய்கிற அதே முறை. தள்ளிய பிள்ளைக்குத் தான் எவ்வளவு வலுவாகத் தள்ளினோம் என்று தெரியவே வாய்ப்பில்லை. அந்தப் பக்கம் விரல் இருந்தது கண்ணுக்கும் தெரியாது. விரல் நசுங்கினால் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். நகத்துக்கு அடியில் கருத்தாலும், விரலை மடக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே தேவை. நுனி துண்டாகிவிட்டால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கையோடு கொண்டு போகலாம். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டுவிடும்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாக்கச் சொல்வது பழைய பழக்கம்; ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்திதான் வரும். முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். விழுந்த பால்பல்லைத் திரும்பச் செருகக் கூடாது, கீழே வளரும் நிரந்தரப் பல் கெடும். ஆனால் அந்தப் பல் எங்கே என்று தேடியே ஆக வேண்டும், மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். ஒருவன் இன்னொருத்தியின் கையைப் பிடித்து இழுத்து, அதன் பிறகு அவள் அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டிருந்தால் முழங்கை எலும்பு லேசாக நழுவியிருக்கும். எண்ணெய் தடவி உருவக் கூடாது. மருத்துவர் சில நொடியில் சரிசெய்துவிடுவார். இன்னொரு பிள்ளை கடித்துத் தோல் கிழிந்திருந்தால் கழுவிவிட்டுத் தடுப்பூசி அட்டையோடு மருத்துவரிடம் அனுப்புங்கள். தேசிய அட்டவணைப்படி டெட்டனஸ் அடங்கிய பூஸ்டர் 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, 5 முதல் 6 வயதில் இன்னொன்று. போட்டதா விட்டதா என்பது அட்டையில்தான் தெரியும். எந்தக் காயத்திலும் காபித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். தலையில் அடி என்றால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், பிறகு அந்த நாள் முழுக்கக் கண் வைத்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் என்றால் 108-ஐ அழைப்பதில் யோசிக்கவே கூடாது.

இனி அந்த இன்னொரு பிள்ளை. 1932-ல் சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே ஒரு ஆய்வை வெளியிட்டார். கதவுக்குப் பின்னால் தட்டு இருப்பது தெரியாமல் திறந்து பதினைந்து கோப்பைகளை உடைத்தவன் ஒருவன். அம்மா இல்லாத நேரம் ஜாம் எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைத்தவன் இன்னொருவன். யார் அதிகம் தப்பு செய்தவன் என்று பிள்ளைகளிடம் கேட்டார். சின்னப் பிள்ளைகள் பலர் பதினைந்தை உடைத்தவனைச் சொன்னார்கள். நோக்கத்தைவிட உடைந்ததன் அளவு அவர்கள் கண்ணுக்குப் பெரிது. இதை வகுப்பறையில் வைத்துப் பாருங்கள்: மூன்று தையல் போட்டால் மூன்று தையல் அளவுக்குத் தான் கெட்டவன் என்று அந்தப் பிள்ளையே தீர்ப்பு எழுதிவிடும். ‘வேண்டுமென்று செய்யவில்லை’ என்பதைத் தானாக யோசித்துப் பிடிக்கிற வயது அது இல்லை. நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் நடந்ததை நடந்தபடி, சின்ன வாக்கியங்களில்: “நீ திரும்பின. கையில பென்சில் இருந்துச்சு. அவ கன்னத்துல பட்டுடுச்சு. அவளுக்கு வலிச்சுது. நீ வேணும்னு பண்ணல. மிஸ்ஸுக்குத் தெரியும்.” வலித்தது என்பதை மறைக்கக் கூடாது. ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்று மூடினால் பிள்ளை நம்பாது, ரத்தத்தை அது பார்த்திருக்கிறது.

‘சாரி சொல்லு’ என்று தோளைப் பிடித்து முன்னால் தள்ளுவதால் ஒரு பயனும் இல்லை. பயத்தில் வாய் திறக்காது, திறக்காததற்கு இன்னொரு திட்டு விழும். அதற்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவா, ஈரத்துணியைப் பிடி, அவள் பையை எடுத்து வை. கொடுத்ததை அடிபட்ட பிள்ளை வாங்கிக்கொள்ளும் அந்த நொடியில் இருவர் முகமும் மாறுவதைப் பார்க்கலாம். அவள் வாங்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். “இப்ப அவளுக்கு வலி, அப்புறம் வாங்கிப்பா” என்றால் போதும்.

பெற்றோருக்குச் செய்தி சொல்வதில்தான் நிறையக் கெடுகிறது. மருத்துவரிடம் போகும் அளவு காயமோ, தலையில் அடியோ என்றால் உடனே போன். மற்றதை அன்று சாயந்திரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் உடை மாற்றும்போது அம்மா தானாகக் கண்டுபிடிக்கும்படி விடக் கூடாது. முதல் வாக்கியத்தில் பிள்ளை எப்படி இருக்கிறது என்பது வர வேண்டும்: “அம்மா, கிளாஸ் மிஸ் பேசுறேன். பாப்பா நல்லா இருக்கா, என் பக்கத்துல உட்கார்ந்திருக்கா. கன்னத்துல பென்சில் பட்டு ஒரு சின்னக் கீறல், கழுவியாச்சு.” நேரம், இடம், என்ன சிகிச்சை என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். மற்ற பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பார்கள், கோபப்படுவார்கள், “அந்த நேரம் பிள்ளைகள் என் பொறுப்பில் இருந்தார்கள்” என்று அதை நாம் ஏற்க வேண்டும். ஏழு வயது நிறையாத குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது என்று இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-வது பிரிவே சொல்கிறது. 1860-ன் பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 82-வது பிரிவாக அது இருந்தது. சட்டம் கொடுக்கும் அந்த இடத்தைப் பள்ளியின் கேட்டருகே நாம் கொடுக்காமல் விடுவது சரியில்லை.

அடித்துவிட்ட பிள்ளையின் வீட்டுக்கும் அன்றே சொல்ல வேண்டும், பிள்ளை காதில் விழாமல். “தெரியாம நடந்தது, நாங்க பேசிட்டோம், வீட்ல அடிக்காதீங்க” என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் வாட்ஸ்ஆப் குழு வழியாக வேறு உருவில் போய்ச் சேரும், அன்றிரவு அந்த வீட்டில் அடி விழும்.

மறுநாள் அடிபட்டவள் வரவில்லை என்றால் அந்தக் காலி இடத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய கொடுமை. அவள் செத்துப்போய்விட்டாள் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. வருகைப் பதிவு எடுக்கும்போதே, “அவ வீட்ல தோசை சாப்பிட்டுட்டு இருக்கா, திங்கட்கிழமை வருவா” என்று சொல்லிவிட வேண்டும். அடுத்த சில நாட்களுக்குத் தெரியாமல் அடித்துவிட்ட பிள்ளை பென்சிலைத் தொட மறுக்கலாம், பொம்மையைக் குத்திவிட்டுக் கட்டுப் போட்டு விளையாடலாம். கட்டுப் போடுகிற விளையாட்டைத் தடுக்காமல் பஞ்சும் துணியும் எடுத்துக் கொடுங்கள்.

வகுப்பில் மாற்ற வேண்டியதும் உண்டு. எழுதாத நேரத்தில் பென்சில்கள் டப்பாவுக்குள் முனை கீழாக இருக்க வேண்டும். ஊசி மாதிரி சீவாமல், சீவியபின் ஒரு தாளில் தேய்த்து முனையை மழுக்கிக் கொடுக்கலாம். கீல் இடுக்கை மூட ரப்பர் பட்டை, கதவின் மேல் விளிம்பில் சாத்தவிடாமல் தடுக்கும் நுரைத்துண்டு. கை கழுவும் வரிசையில் ஐந்து ஐந்து பேராக அனுப்பினால் பாதித் தள்ளுமுள்ளு இருக்காது. சறுக்குமரத்தின் அடியில் ஒரு பெரியவர் நிற்காத நேரத்தில் யாரும் ஏறக் கூடாது.

திங்கட்கிழமை அவள் கன்னத்தில் பிளாஸ்டருடன் வருவாள். பிள்ளைகள் சுற்றி நின்று தொட்டுப் பார்ப்பார்கள். அவன் கொஞ்சம் தள்ளி, பையின் வாரைக் கடித்துக்கொண்டு நிற்பான். கூப்பிட வேண்டாம், பழைய இடத்திலேயே அவளுக்குப் பக்கத்தில் அவன் நாற்காலி இருந்தால் போதும். “வலிக்குதா?” என்று அவனே கேட்பான்.